வெள்ளன எந்திரிக்க மறுக்கும் உடம்பு: சுரப்பிகளைப் புரிந்துகொண்டு காலையைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏத்தா, பொழுது விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு? வெள்ளன எந்திரிக்கிற பழக்கமே போயிருச்சா உனக்கு?"

மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா இப்படிக் கேட்டுக்கொண்டே பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரிக்கும் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கும். முழிப்பு வந்துவிட்டது, கண்ணும் திறந்திருக்கிறது. ஆனால் கையை நீட்டி அலாரத்தை நிறுத்துவதே மலையாகத் தெரிந்தது. உடம்பு முழுக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடிய மாதிரி ஒரு கனம். எட்டு மணி நேரம் தூங்கியிருப்பேன்; எழுந்தால் படுக்கும்போது இருந்ததைவிட அசதி கூடியிருக்கும். வீட்டில் இதற்கு ஒரே பெயர்தான், சோம்பேறித்தனம். அம்மாவுக்குக் கோபம் ஏறினால் மூதேவி.

ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது, தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன், நாலுக்குள் இருக்க வேண்டியது, 14-ஐத் தாண்டியிருந்தது. தைராய்டு.

அடுத்த வருஷம் என் அக்கா மகனுக்கும் அதே புகார். "சித்தி, எனக்கும் தைராய்டாத்தான் இருக்கும்" என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, அறுபது எழுபது டெஸ்ட் அடங்கிய பெரிய பேக்கேஜ் ஒன்றை எடுத்தான். எல்லாம் நார்மல். பையன் ராத்திரி ஒன்றரை மணி வரை போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்பது எந்த ரிப்போர்ட்டிலும் வராதே.

தொந்தரவு ஒன்று, காரணம் இரண்டு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் முதலில் நோட்டு, அப்புறம் ராத்திரி, அப்புறம் காலை வெளிச்சம், அதற்கும் பிறகுதான் ரத்தப் பரிசோதனை என்று வரிசை வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நோயாளியாக இருந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கீழே ஐந்தாம் படியில் சொல்லும் அவசர அறிகுறிகள் இருந்தால் வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதலில், விடியுமுன் உள்ளே நடப்பது

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் இதுதான். இது தவிர ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு குட்டிக் கடிகாரம் உண்டு. அது மரபணு அளவில் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். தினமும் யாராவது முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது வெளிச்சம்.

இருட்டியதும், நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே, மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். 'ராத்திரி வந்தாச்சு' என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது அதன் வேலை. விடியும்போது அது வடியும். சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் இதற்கு நேர் எதிர். நள்ளிரவையொட்டி மிகக் குறைவாக இருந்து, பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கும். கண் விழித்த பிறகு அடுத்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு இன்னொரு துள்ளு துள்ளும். கோயில் நடை திறப்பதற்கு வெகு முன்பே உள்ளே விளக்கேற்றி, தண்ணீர் தெளித்து, ஆட்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள் இல்லையா, கார்டிசால் செய்வதும் அதுதான். சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிடும், உடம்பை நிற்க வைக்கத் தயார் செய்யும்.

உடம்புச் சூடும் இதே தாளத்தில்தான் போகும். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அது மிகக் குறைவாக இருக்கும். ஒன்றரை மணிக்குத் தூங்கி ஒன்பது மணிக்கு எழும் உடம்புக்கு அந்த அடிமட்டம் ஏழு மணி வாக்கில் வரும். அந்தப் பையனை ஆறரைக்கு எழுப்பினால் அவனுடைய கடிகாரத்தில் அது நடுச்சாமம்! சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தைராய்டு வேறு வகை. அது நேரம் காட்டாது, வேகத்தைத்தான் நிர்ணயிக்கும். அடுப்பின் திருகு மாதிரி. குறைத்து வைத்தால் எல்லாமே மெதுவாகத்தான் வேகும்.

முதல் படி: இரண்டு வாரம் ஒரு நோட்டு

செயலி எதுவும் வேண்டாம். தலைமாட்டில் நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். என் பழைய நோட்டிலிருந்து ஒரு நாள்:

"செவ்வாய். படுத்தது 10.40. தூங்கியது 11 இருக்கும். ஒண்ணுக்குப் போனது 1 தடவை. அலாரம் 5.30, எழுந்தது 6.25. டீ: 7, 11, 4, 6.45. மூணு மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கிவிட்டது. மாதவிலக்கு முடிந்து 19 நாள். குறட்டை விட்டேனாம். இவருக்குப் புழுக்கம், எனக்குக் குளிருது."

கடைசி வாக்கியத்தை அன்றைக்கு நான் சும்மாதான் எழுதினேன். சித்திரை மாசம், மதுரை, மின்விசிறி ஐந்தில் ஓடுகிறது, நான் போர்வை தேடியிருக்கிறேன். பிற்பாடு மருத்துவர் நோட்டைப் புரட்டியபோது அவர் விரல் போய் நின்றது அந்த வரியில்தான். ஆகவே முக்கியம், முக்கியமில்லை என்று நீங்களே வடிகட்டாதீர்கள். தோன்றுவதை எழுதுங்கள்.

பதினான்கு நாள் முடிந்ததும் ஒரு ஞாயிறு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். லீவு நாளில் ஒன்பது வரை தூங்கி எழுந்தால் உடம்பு கலகலவென்று இருக்கிறதா? அப்படியானால் உங்களுக்குத் தூக்கக் கடன் இருக்கிறது, அல்லது கடிகாரம் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. இரண்டு, மூன்றாம் படிகளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஏழு எட்டு மணி நேரம் ஒழுங்காகத் தூங்கியும், லீவு நாளிலும் அதே அசதி என்றால் நான்காம் படிக்குப் போக வேண்டியிருக்கும். அசதி மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வந்து போகிறது என்றால் அதுவும் ஒரு செய்தி.

இரண்டாம் படி: தூங்கா நகரத்தில் தூங்குவது

ராத்திரி பதினொரு மணிக்கு நம்மூரில் பரோட்டாக் கல் சூடாகத்தான் இருக்கும். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் எந்நேரமும் டீ கிடைக்கும். ஊருக்குத் தூங்கா நகரம் என்று பேர் வாங்கியாயிற்று, ஆனால் உடம்பு அந்தப் பேருக்குக் கையெழுத்துப் போடவில்லை.

காலையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மாலை ஆறு மணியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் அந்த டீ. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் தூக்கத்தின் பாரம். காஃபீன் அந்தப் பாரத்தைக் குறைப்பதில்லை, நமக்குத் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி வெளியேற சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நோட்டில் நான் எழுதியிருந்த 6.45 டீ, பதினொன்றே முக்காலுக்குப் பாதி டம்ளராக உள்ளே உட்கார்ந்திருந்தது. மதியம் மூன்று மணியோடு டீ, காபியை முடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் தலைவலிக்கும். போய்விடும்.

அடுத்தது சூடு. தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வெயிலைக் குடித்த மொட்டை மாடி ராத்திரி முழுக்க அதைக் கக்கிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் அறை அடுப்பங்கரை மாதிரி. பொழுது சாய்ந்ததும் மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவது பழைய வழக்கம்தான், ஆனால் பலன் தரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குளித்துவிடுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். வெதுவெதுப்பாகவோ குழாயில் வரும் சூட்டிலோ குளித்தால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியே போகும். ஜன்னலைத் திறந்து வைத்து, கொசுவலைக்குள் ஈரத்துணியால் காலைத் துடைத்துவிட்டுப் படுத்தாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

செல்போனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலித்திருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அதைக் கூடத்தில் சார்ஜ் போடுங்கள். முகத்துக்கு நேரே வெளிச்சம் இருந்தால் மெலடோனின் தள்ளிப்போகும் என்பது ஒரு பங்கு. இன்னும் ஒரே ஒரு வீடியோ என்று மனசு கேட்பதுதான் பெரிய பங்கு. அலாரத்துக்குப் மணியடிக்கும் பழைய கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

மெலடோனின் மாத்திரை வாங்கிப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது அடித்துப்போடும் தூக்க மாத்திரை கிடையாது. கடிகாரத்தை நகர்த்தும் பொருள். தப்பான நேரத்தில் போட்டால் தப்பான பக்கம் நகர்த்தும். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

மூன்றாம் படி: எழுந்த முதல் இருபது நிமிஷம்

இந்த விஷயத்தில் குளிர் நாடுகளுக்காக எழுதிய ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அங்கே குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் இருட்டு, அதனால் வெளிச்சப் பெட்டி வாங்கி மேஜையில் வைக்கிறார்கள். மதுரையில் வைகாசி வாக்கில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். ரொம்பத் தாமதமாக வரும் தை மாதத்திலும் 6.40-க்குள் உதித்துவிடும். வருஷம் முழுக்க முக்கால் மணி வித்தியாசம்தான். நமக்கு வெளிச்சப் பெட்டி மொட்டை மாடிதான், செலவும் கிடையாது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். டியூப்லைட் போட்ட அறையில் கிடைப்பது சில நூறு லக்ஸ். உதயத்துக்கு அரை மணி கழித்து வெளியே நின்றால் பல ஆயிரம். கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமாகத்தான் தெரியும், ஆனால் கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றில்லை. அதனால் காபி டம்ளரோடு மாடிக்கோ வாசலுக்கோ போய்விடுங்கள். பதினைந்து, இருபது நிமிஷம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், வாசல் தெளித்துக் கோலம் போடலாம், பக்கத்து வீட்டோடு பேசலாம். அம்மா தலைமுறைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசல் தெளிக்க வெளியே வந்தார்கள், கடிகாரம் தானாகத் திரும்பிக்கொண்டது.

இடையில் ஒன்று. 'காலை வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும்' என்பது பரவலான நம்பிக்கை. ஆறரை மணி வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் பேருக்குத்தான் இருக்கும். வைட்டமின் டி-க்கு வெயில் ஏறிய பிறகுதான் நிற்க வேண்டும். காலை வெளிச்சம் வேறு வேலைக்கு.

எழுந்ததும் மப்பாக இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். பதினைந்து நிமிஷம், அரை மணி இருக்கும். தூக்கம் பத்தாதவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். அந்த நேரத்தில் 'இன்றைக்கு உடம்பு சரியில்லை' என்று எந்த முடிவுக்கும் வராதீர்கள். உட்காருங்கள், காலைத் தொங்கப்போடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், அப்புறம் எழுந்திருங்கள்.

எழும் நேரத்தை லீவு நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாற்றாமல் இரண்டு, மூன்று வாரம் பாருங்கள். என் அக்கா மகனுக்கு இதிலேயே முக்கால்வாசி தீர்ந்தது.

நான்காம் படி: நோட்டு எந்தச் சுரப்பியைக் காட்டுகிறது?

இரவையும் காலையையும் சரிசெய்தும் அசதி நகரவில்லையா? இப்போது சந்தேகப்படலாம்.

தைராய்டு முதலில், ஏனென்றால் நம்மூர்ப் பெண்களிடம் அது சர்வசாதாரணம். ஆண்களுக்கும் வரும். மற்றவர்களுக்குப் புழுங்கும்போது உங்களுக்குக் குளிர்வது, மலச்சிக்கல், தோல் வறண்டு முடி கொட்டுவது, காலையில் முகமும் கண்ணிமையும் உப்பியிருப்பது, குரல் கரகரப்பது, மாதவிலக்கில் அதிகம் படுவது, காரணமில்லாமல் எடை ஏறுவது. ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு சமாதானம் வைத்திருப்போம். முடி கொட்டினால் உப்புத் தண்ணீர், எடை போட்டால் வயசு, மலச்சிக்கலுக்கு வாழைப்பழம். நானும் ஒன்றரை வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். இவற்றில் மூன்று நான்கு சேர்ந்து இருந்தாலே போய்ப் பாருங்கள். பிள்ளை பெற்ற முதல் வருஷத்தில் தைராய்டு தடுமாறுவது உண்டு. 'கைக்குழந்தைக்காரி, அசதி இருக்கத்தான் செய்யும்' என்று வீடே தள்ளிவிடுவதால் அது தெரியாமலே போய்விடுகிறது.

ரத்தச்சோகை ஹார்மோன் நோய் அல்ல, ஆனால் அதே வேஷம் கட்டும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் சோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, இமையைக் கீழே இழுத்தால் வெளிறித் தெரிவது, சாம்பலோ அரிசியோ தின்னத் தோன்றுவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

சர்க்கரை இருந்தால் ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். தூக்கம் துண்டு துண்டாகப் போனால் காலை எங்கிருந்து வரும்? ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பின்னிரவில் சர்க்கரை இறங்கி, வேர்த்து நனைந்து, கெட்ட கனவோடு விழித்து, காலையில் தலைவலியோடு கிடப்பார்கள். அப்படியானால் மருந்தளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு, கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரான் ஏறி உடம்புச் சூட்டை 0.3 முதல் 0.5 டிகிரி வரை கூட்டும். அதனால் மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பலருக்குத் தூக்கம் லேசாகி, காலை கனமாக இருக்கும். நோட்டில் அந்த வாரம் தனியாகத் தெரியும். வயசு நாற்பதுகளில் இருந்து, மாதவிலக்கு முன்னே பின்னே தள்ளிப்போய், ராத்திரி திடீரென்று உடம்பு தீயாக எரிந்து வேர்த்தால் அது ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் காலம். சிகிச்சை இருக்கிறது, 'இந்த வயசில் இதெல்லாம் சகஜம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

குறட்டையைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். குறட்டை நடுவில் நின்று, மூச்சு அடைத்து, திடுக்கென்று மறுபடி தொடங்குகிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால் அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயாக இருக்கலாம். எடை கூடியவர்கள், தைராய்டு குறைந்தவர்கள், நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பத்து மணி நேரம் படுத்தாலும் இவர்களுக்குத் தூங்கிய மாதிரியே இருக்காது.

மனச்சோர்வும் இந்தப் பட்டியலில் உண்டு. அதன் ஒரு வகையில் காலைதான் மிகக் கொடுமையாக இருக்கும், பொழுது போகப் போகக் கொஞ்சம் லேசாகும். மூன்று நான்கு மணிக்கே முழிப்பு வந்து, பிறகு தூங்கவும் முடியாமல் எழவும் முடியாமல் கிடப்பார்கள். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஐந்தாம் படி: கார்டிசால் பயமும் உண்மையான ஆபத்தும்

'அட்ரினல் களைத்துவிட்டது' என்று சொல்லி டப்பா டப்பாவாகச் சத்துப்பொடி விற்கிறார்கள். அகச்சுரப்பி மருத்துவர்கள் அப்படி ஒரு நோயை ஏற்பதில்லை. அந்தக் காசுக்கு நாட்டுக்கோழி வாங்கிச் சாப்பிடலாம்.

ஆனால் அட்ரினல் சுரப்பி நிஜமாகவே பழுதாகும் நோய் ஒன்று உண்டு. 1855-ல் அதை விவரித்த தாமஸ் அடிசன் பெயரால் அழைக்கப்படுகிறது. அபூர்வம்தான். நம் நாட்டில் காசநோயும் அதற்கு ஒரு காரணம். அசதியோடு எடை குறைவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, வாந்தி, உப்புக்கு ஏங்குவது, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்துப்போவது இதன் அறிகுறிகள்.

இதைவிட நம் பக்கத்தில் நான் பயப்படுவது வேறொன்று. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் எழுதாத பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும் மாத்திரைகள். போட்டதும் துள்ளி எழுவார்கள். சிலவற்றில் கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் அதை விழுங்கினால் சொந்த அட்ரினல் சுரப்பதையே நிறுத்திவிடும். ஒருநாள் பொட்டலம் தீர்ந்து சட்டென்று நிறுத்தினால் உடம்பில் கார்டிசால் இருக்காது, எழவே முடியாது. நீங்களோ வீட்டுப் பெரியவர்களோ இப்படி ஏதாவது எடுத்திருந்தால், மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டாகவே இருந்தாலும், தானாக நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அசதியோடு மயக்கம், விடாத வாந்தி, குழப்பமான பேச்சு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். நோட்டு எங்கேயும் ஓடிவிடாது.

ஆறாம் படி: ரத்தம் கொடுக்கப் போகும் காலை

பேக்கேஜ் வேண்டாம். மருத்துவரிடம் நோட்டைக் காட்டி, அவர் எழுதுவதை மட்டும் எடுங்கள். வழக்கமான அசதிக்கு முதல் சுற்றில் ஹீமோகுளோபினோடு முழு ரத்த எண்ணிக்கை, டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது அதன் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ1சி) இவ்வளவு போதும். தேவைப்பட்டால் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி சேர்ப்பார்கள். சுத்த சைவக்காரர்கள் பி12-ஐக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரையும் ஹீமோகுளோபினும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். மேற்கொண்டு தேவையென்றால் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலை வெள்ளன போய்ச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். வெள்ளன எழ முடியாத நோய்க்கு இப்படி ஒரு மருந்து!

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை எச்சரிக்கைக் கட்டம். மூன்று மாதச் சராசரியில் அதே எல்லைகள் 6.5, 5.7. டி.எஸ்.எச்.-க்குப் பட்டினி தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்கள், ஏனென்றால் அதுவும் நாளுக்குள் ஏறி இறங்கும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு போடலாம். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு முடிவைப் பொய்யாகக் காட்டும். இது தெரியாமல் வீணாகப் பயந்தவர்கள் உண்டு.

டி.எஸ்.எச். பெரும்பாலான லேப்களில் 0.4 முதல் 4 வரை சரி என்று போட்டிருப்பார்கள். 5, 6 என்று வந்தால் உடனே மாத்திரை என்று அர்த்தமில்லை. மறுபடி எடுத்துப் பார்த்து, வயசும் அறிகுறிகளும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு, அவர்கள் தாமதிக்கக் கூடாது.

ஏழாம் படி: மாத்திரையைச் சரியாகப் போடுவது

என் சொந்த அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன். மாத்திரை எழுதிக் கொடுத்ததும் அம்மா அதைக் காபி டம்ளர் பக்கத்திலேயே வைத்துவிடுவார். ஒரு வாய் காபி, மாத்திரை, இன்னொரு வாய் காபி. கூடவே மருத்துவர் எழுதியிருந்த இரும்புச்சத்து மாத்திரையையும் மறந்துவிடக் கூடாதே என்று சேர்த்தே விழுங்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 11. மாத்திரை அளவைக் கூட்டிச் சீட்டு கிடைத்தது. அதை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டே, "அக்கா, இத எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். எண்ணுவதை நிறுத்திவிட்டார். "காபியோடயா? இரும்பு மாத்திரையும் சேத்தா? அப்ப ஒண்ணும் உள்ள போயிருக்காதே. இத வாங்காதீங்க, டாக்டர்ட்டப் போய் இதச் சொல்லுங்க."

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட வேண்டும். காபி, டீ, டிபன் எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் வகை மருந்துகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபி இல்லாமல் ஒரு மணி நேரம் ஆகாது என்பவர்கள், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். டப்பாவைச் சமையலறை ஜன்னலில் வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் இந்த மருந்துக்கு ஆகாது, அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஜன்னல் திட்டில் அப்பளமே பொரியும். படுக்கையறை அலமாரியின் உள்ளே, தண்ணீர் பாட்டிலோடு வையுங்கள்.

சீக்கிரம் சரியாகட்டும் என்று அளவைத் தானாகக் கூட்டினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நாளடைவில் எலும்பு தேயும். இளைப்பதற்காக அடுத்தவர் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் அதைவிட மோசம்.

இரும்புச்சத்து மாத்திரைக்கு டீ எதிரி, எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணை. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

பதின்வயதுப் பிள்ளைகளும் ராத்திரி வேலைக்காரர்களும்

பதின்வயதில் மெலடோனினே ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கும். அந்த வயசுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். ஐந்து மணி டியூஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது யாருக்கு லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கிறவர்கள் மொட்டு விரியுமுன் பறிக்கக் கருக்கலிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பொழுது சாய்ந்ததும் படுக்கும் வழக்கம் இருந்தால் பிரச்சினையில்லை, தொலைக்காட்சித் தொடர்தான் கெடுக்கிறது. விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலைக் கெட்டித் துணியால் மறைத்துப் படுப்பது நல்லது. வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள்.

எத்தனை நாளில் தெரியும்?

கடிகாரத்தைத் திருப்புவது இரண்டு, மூன்று வாரத்தில் தெரியும். சோகைக்கு மாத்திரை எடுத்தால் ஒரு மாதத்தில் மூச்சு வாங்குவது குறையும், ஆனால் இரும்புச்சத்துக் கையிருப்பு நிரம்ப மருத்துவர் சொல்லும் மாதங்கள் முழுக்க எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் டி.எஸ்.எச். எடுப்பார்கள், அதற்கு முன் எடுப்பது வீண் செலவு.

எனக்கு, ஒழுங்காக மாத்திரை போடத் தொடங்கிய மூன்றாம் வாரம் முக உப்பல் வடிந்தது. எட்டாம் வாரம் டி.எஸ்.எச். 3.8. அதற்குச் சில நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை முழிப்பு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அலாரம் அடிக்கவில்லை, கடிகாரம் நின்றுவிட்டது போல என்று எழுந்து போய்ப் பார்த்தேன். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மணி 5.10. சமையலறையில் விளக்கு போடவில்லை, அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை.